பெரிய காசோலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிவாரண நிகழ்ச்சி தயாரிக்கும் தொலைக்காட்சி அன்பர்களுக்கும், பாய் அகலக் காசோலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவருக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து வணக்கம். மாரி தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் எங்கள் வயலுக்குள் தண்ணீர் வரும், மறுகா நீங்கள் வருவீர்கள். அதற்குள் உங்கள் குல வரலாற்றை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆதியில் பேகன் இருந்தான். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணிப் போர்வையைக் கொடுத்தான். கமரா இல்லாத காலம். இருந்திருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று மயிலை இன்னும் இரண்டு தரம் நடுங்கச் சொல்லியிருப்பீர்கள். தேர் கிடைத்த முல்லைக்கொடியிடம் மைக்கை நீட்டி, 'இப்போது உங்கள் மனநிலை எப்படி?' என்று கேட்டிருப்பீர்கள்.

அடுத்த கட்டம் மட்டக்களப்பில் நடந்தது. இங்கே கூத்து விடிய விடிய ஆடுவோம். அரங்கேற்றம் முடிந்தால் வீட்டுக்கு வீடு போய் ஆடிக் காசு வாங்குவோம். வீட்டுக்கு வீடு போய் ஆடிக் காசு கேட்கும் பெட்டிக்குப் பிற்பாடு தொலைக்காட்சி என்று பெயர் வந்தது. 1949இல் நியூயோர்க்கில் மில்டன் பெர்ல் என்ற நகைச்சுவைக்காரர் 16 மணித்தியாலம் தொலைக்காட்சியில் நின்று புற்றுநோய் நிதி சேர்த்ததுதான் தொடக்கம் என்பார்கள். கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியார் ஒருவர் கப்பலேறிப்போய்ச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆய்வு முடிவு. ஆதாரம் கேட்காதீர்கள். முழங்காலளவு தண்ணீரில் அறிவிப்பாளரைக் குந்தவைத்து, கழுத்தளவு வெள்ளம் என்றபோது நாங்கள் கேட்டோமா?

1988இல் இங்கிலாந்துக்காரர் மூக்கில் சிவப்பு உருண்டை மாட்டிக்கொண்டு காசு கேட்டார்கள். சரி, எங்கள் கூத்திலும் கோமாளி உண்டு, விட்டுவிடுவோம். ஆனால் ஜெர்ரி லூயிஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகரின் கதையை அப்படி விட முடியாது. 1966 முதல் 2010 வரை ஆண்டுதோறும் தசைநோய்ப் பிள்ளைகளுக்காக அந்த மனிதர் தொலைக்காட்சி மேடையில் நின்றார். பணம் மலைபோல் குவிந்தது. ஆனால் சின்ன வயதில் அந்த நிதியைச் சேர்த்த அமைப்பின் சுவரொட்டிகளுக்கு முகம் கொடுத்த பிள்ளைகளில் சிலர் வளர்ந்து வந்து, 1990களில் மறியல் செய்தார்கள். எங்களைக் காட்டி இரக்கம் விற்காதே என்றார்கள். இந்த இடத்தில் மட்டும் நான் பகிடி விடவில்லை.

எங்கள் கோயிலைப் பாருங்கள். கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக் காலத்தில் 'இன்னார் குடும்பம் ஒரு மூடை அரிசி' என்று ஒலிபெருக்கி அலறும். கொடுத்தவர் பெயர் மூன்று ஊருக்குக் கேட்கும். அதே அரிசியில் சாப்பிட்டவர் யார் என்று யாரும் அறிவிப்பதில்லை. ஆகவே கொடுக்கிறவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அந்த ஆசை எங்களுக்கும் உண்டு. வாங்குகிறவளின் முகம் எதற்கு?

ஒரு மாரியில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த என் பெரியம்மாவுக்கு உங்களில் ஒரு குழு பொதி கொடுத்தது. அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, ஒரு டின்மீன். முதல் தரம் வாங்கும்போது கண்ணுக்குள் வெயில் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் தரம் அறிவிப்பாளத் தம்பியின் சப்பாத்து சேற்றில் வழுக்க, பெரியம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு ஆகாதாம். மறுபடியும் பொதி அவர்கள் கைக்குப் போனது. மூன்றாம் தரம், "கொஞ்சம் அழுங்கம்மா" என்றான் அந்தத் தம்பி.

"அழுறதெல்லாம் முந்தநாள் அழுது முடிச்சாச்சு மனே. தண்ணி வந்த நேரம் நீங்க வரல்லையே" என்றார் பெரியம்மா. அதை ஒளிபரப்பவில்லை.

இந்த முறை வரும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். பொதிகளைப் பள்ளிக்கூட விறாந்தையில் இறக்கிவிட்டு, கமராவை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். காசோலைக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். பிளேன்டீ தருவோம்.

அந்த டின்மீனைப் பெரியம்மா இன்னும் திறக்கவில்லை. கேட்டால், "திரும்பக் கேட்டு வந்தா குடுக்கணுமே" என்கிறார்.

இப்படிக்கு,
அவரின் பெறாமகன்