கோரிக்கை மனு: வால்டர் ரீட் வாசலில் சவப்பெட்டிகள் வேண்டாம், ஆட்கள் இருக்கட்டும்

நாள்: 14 நவம்பர் 2005
இடம்: வாஷிங்டன்

அனுப்புநர்:
காயமடைந்த சிப்பாய் ஒருவனின் தாய்,
எடிசன், நியூ ஜெர்சி.
(தற்போது மகனுடன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வளாகத்தில் தங்கியிருப்பவர்)

பெறுநர்:
உயர்திரு மேயர் அவர்கள்,
கொலம்பியா மாவட்ட அரசு, வாஷிங்டன்.

நகல்: பெருநகரக் காவல்துறைத் தலைவர் அவர்கள்

பொருள்: ஜார்ஜியா அவென்யூவில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் போர் எதிர்ப்புப் போராட்டத்தைத் தடை செய்யாமல், மாதிரிச் சவப்பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் மட்டும் மருத்துவமனை வாசலிலிருந்து தள்ளிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இத்துடன் இணைத்திருக்கிறாள். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எடிசனில் 19 வருடமாக மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒன்று சண்டைக்குப் போவது போல வருகிறது, இல்லாவிட்டால் கெஞ்சுவது போல வருகிறது. இரண்டும் எனக்கு வேண்டாம்.

என் மகனுக்கு 23 வயது. கல்லூரிக் கட்டணத்துக்கு வழி கிடைக்கும் என்று ராணுவத்தில் சேர்ந்தான். கடந்த ஜூன் மாதம் ஈராக்கில் ரமாதிக்குப் பக்கத்தில் சாலையோரக் குண்டு வெடித்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டான். ஜெர்மனியில் லாண்ட்ஸ்டூல் மருத்துவமனை, அங்கிருந்து ஆண்ட்ரூஸ் விமானத் தளம், அப்புறம் வால்டர் ரீட். இங்கே மருத்துவர்களைப் பற்றியோ தாதியரைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது வேலிக்கு வெளியே, தங்கள் நகரத்தின் நடைபாதையில் நடப்பதைப் பற்றி.

வெள்ளிக்கிழமை மாலையானால் ஜார்ஜியா அவென்யூ வாசலில் இரண்டு கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் போரை எதிர்ப்பவர்கள், மெழுகுவத்தியும் பதாகையுமாக. இன்னொரு பக்கம் அவர்களை எதிர்ப்பவர்கள், பெரிய பெரிய கொடிகளோடு. யார் முதலில் வந்து முனையைப் பிடிப்பது என்று போட்டி வேறு. அதே வெள்ளிக்கிழமைதான் நடக்க முடிந்த பையன்களை நகரத்துக்குள் ஓர் உணவகத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பேருந்தில் கூட்டிப்போகிறார்கள். வாரம் முழுக்க வலி மாத்திரையும் பயிற்சிக் கூடமுமாகக் கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வேளை மாட்டிறைச்சிதான் தீபாவளி. (என் மகன் மாட்டிறைச்சி சாப்பிடுகிறான் என்பது அவன் பாட்டிக்கு இன்னும் தெரியாது. மனுவில் இது தேவையில்லைதான், இருக்கட்டும்.)

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பேருந்தில் நானும் துணைக்குப் போனேன். திரும்பி வரும்போது வாசலில் வண்டி மெதுவாகத் திரும்பியது. ஜன்னலுக்கு நேர் கீழே கொடி போர்த்திய சவப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. நிஜப் பெட்டிகள் இல்லை, அட்டைதான். காற்றில் ஒரு கொடி விலகியது. பெட்டியின் பக்கவாட்டில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி அச்சிட்டிருந்தது. என் மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சின்னப் பெட்டியா இருக்கும்மா, நான் இப்போ கொள்ளுவேன்” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்று இரவு இல்லாத காலின் கட்டைவிரல் அரிக்கிறது என்று விடியும்வரை அவன் தூங்கவில்லை. பெட்டிதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அரிப்பு எல்லா இரவும் வருவதுதான்.

அடுத்த நாள் நான் போய் அந்தக் கூட்டத்தோடு சண்டை போட்டிருப்பேன். சனிக்கிழமை யாரும் இல்லை. அடுத்த வெள்ளிவரை காத்திருந்தேன். கோபம் ஒரு வாரம் காத்திருந்தால் கேள்வியாகிவிடுகிறது போல. அங்கே நின்ற ஒரு வயதான மனிதரிடம், இறங்கி நிற்க உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, வெள்ளை மாளிகை இல்லையா, நாடாளுமன்றம் இல்லையா என்று கேட்டேன். அவர் வியட்நாமில் சண்டை போட்டவர். தன் கால்சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். வெள்ளை மாளிகை முன்னால் நின்றால் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவ்வளவுதான் என்றார். காயம்பட்டவர்களை இருட்டிய பிறகுதான் கொண்டுவருகிறார்கள், ஊர் கண்ணில் படுவதே இல்லை, அதனால்தான் இங்கே நிற்கிறோம் என்றார்.

அது உண்மையா என்று நானே யோசித்துப் பார்த்தேன். என் மகன் வந்ததும் இரவில்தான். விமானத்தின் நேரம் அப்படி அமைகிறது என்பது ராணுவத்தின் பதில். இருக்கலாம். ஆனால் டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்கும் சிப்பாய்களின் சவப்பெட்டிகளைப் படம் எடுக்க 1991 முதல் பத்திரிகைகளுக்குத் தடை இருக்கிறது, அதற்கு விமான நேரத்தைக் காரணம் சொல்ல முடியாது. போன மாதம் இறந்தவர்களின் எண்ணிக்கை 2000-ஐத் தாண்டியது, எல்லாச் செய்தியிலும் வந்தது. காயமடைந்தவர்கள் 15,000-க்கு மேல். அதை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்? ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லித்தான் போருக்குப் போனார்கள். தேடிப் பார்க்க அரசே அனுப்பிய குழு, போன வருடம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. முன்னாள் படைவீரர்களின் மருத்துவச் செலவுக்குச் சுமார் 100 கோடி டாலர் பற்றாக்குறை என்று சம்பந்தப்பட்ட துறையே இந்த ஜூனில் ஒப்புக்கொண்டது. என் மகனுக்கு இன்னும் 50 வருடம் செயற்கைக் கால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தெருவில் நின்று கேட்கிற ஒருவரை நான் எப்படி என் பகையாளி என்பது?

அங்கே நிற்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. சிலர் எந்தப் போரும் கூடாது என்று ஜெபம் செய்கிறவர்கள். சிலர் இந்தப் போரை மட்டும் எதிர்ப்பவர்கள். சிலருக்கு ஜனாதிபதி புஷ்ஷைப் பிடிக்காது, அவ்வளவுதான், அவர்கள் பதாகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளை ஈராக்கில் இருக்கிற தாய்மார் உண்டு. போன வருடம் ஏப்ரலில் பாக்தாத்தின் சதர் சிட்டியில் மகனைப் பறிகொடுத்த சிண்டி ஷீஹான், இந்த ஆகஸ்டில் டெக்சாஸில் ஜனாதிபதியின் பண்ணைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என் மகன் எதற்காகச் செத்தான் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விதான் பலரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறது. சிப்பாய்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போய், கடவுள் தண்டித்தார் என்று கத்துகிற கான்சாஸ் சபை ஒன்று இருக்கிறதே, அதோடு இவர்களைத் தயவுசெய்து சேர்த்துப் பேச வேண்டாம். அந்தச் சபைக்குச் சிப்பாயின் மேல் வெறுப்பு. இவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

ஆனால் ‘பொய்க்காக ஊனமானவர்கள்’ என்று ஒரு பதாகை இருந்தது. எழுதியவர் நினைத்தது ஒன்று, கால் போன பையன் வாசிப்பது இன்னொன்று. மாடியில் இருக்கும் ஒரு பையன், அவர்கள் சொல்வது சரி, நானே போய் நிற்பேன் என்கிறான். பக்கத்து அறைப் பையன் கையிருந்தால் கல்லெறிந்திருப்பேன் என்கிறான். கையிருந்தால் என்பதை அவன் அப்படியே உண்மையாகத்தான் சொல்கிறான். என் மகன் இரண்டுமில்லை. பேருந்து வாசலை நெருங்கினால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்கிறான். கொடி பிடித்த கூட்டம் ‘வீரனே வாழ்க’ என்று ஒலிபெருக்கியில் கத்தும்போதும் அப்படித்தான். திடீர்ச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவன் தோள் தூக்கிவாரிப்போடுகிறது. இரண்டு கூட்டமும் அவனுக்காகத்தான் நிற்கிறதாம். அவனை யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் கட்டடத்தில் ஒரு கையெழுத்துத் தாள் சுற்றியது. மருத்துவமனையைச் சுற்றிப் போராட்டமே கூடாது என்று மேயர் உத்தரவிட வேண்டும் என்பது அதில் கோரிக்கை. நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாள் தங்கள் மேசைக்கு வரலாம், அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். இந்த நகரத்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடைபாதையை மறிக்காமல் நிற்பவர்களுக்கும் 50 பேருக்குக் குறைவான கூட்டத்துக்கும் முன் அனுமதி தேவையில்லை என்று என் மகள் படித்துக் காட்டினாள். 2002 செப்டம்பரில் பெர்ஷிங் பூங்காவில் ஏறக்குறைய 400 பேரை ஒட்டுமொத்தமாகக் கைதுசெய்த பிறகு வந்த சட்டம் அது. இவ்வளவு பட்டு எழுதிய சட்டத்தை எங்களைக் காரணம் காட்டி வளைக்க வேண்டாம். காயம்பட்டவர்களின் பெயரைச் சொன்னால் எதையும் தடை செய்துவிடலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, பின்னே என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். பேச்சைத் தடுக்காமல், நேரம், இடம், நிற்கும் முறை ஆகியவற்றுக்கு அரசு நியாயமான வரம்பு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 1972-இல் ராக்ஃபோர்ட் நகர வழக்கில், பாடம் நடக்கும் பள்ளிக்குப் பக்கத்தில் தொந்தரவாகச் சத்தம் போடத் தடை விதித்தது செல்லும் என்றது. பள்ளிக்குப் பொருந்துவது மருத்துவமனைக்கும் பொருந்தும் அல்லவா?

ஆகவே, பேருந்தும் ஆம்புலன்ஸும் திரும்பும் அந்த வாசலின் இரு பக்கமும் கொஞ்ச தூரத்துக்குச் சவப்பெட்டி போன்ற எதையும் கீழே வைக்காதபடி செய்ய வேண்டுகிறேன். எத்தனை அடி என்பதைத் தங்கள் அதிகாரிகள் அளந்து முடிவு செய்யட்டும். வண்டி ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால் தெரியக் கூடாது, அதுதான் என் அளவு. எதிர்ப் பக்கத்து நடைபாதையில் வைத்துக்கொள்ளட்டும், ஊர் பார்க்கட்டும், காரில் போகிறவர்கள் பார்க்கட்டும். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதானே போராடுகிறவர்களின் நோக்கமும். ஒலிபெருக்கி இரண்டு தரப்புக்கும் வேண்டாம். எங்களை வாழ்த்துகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம், இதைத் தடையாணையாக அனுப்புவதற்கு முன் இரண்டு தரப்பிலும் இருவரைக் கூப்பிட்டு, கூடவே இங்கே சிகிச்சையில் இருக்கும் பையன்களில் விருப்பமுள்ள இரண்டு மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பேசினால் பாதிக்கு மேல் அவர்களே ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அந்த வியட்நாம்காரரிடம் பெட்டியைப் பற்றி நான் சொன்னபோது அவர் பதிலே பேசவில்லை. அடுத்த வாரம் அவர் நின்ற பக்கத்தில் மட்டும் பெட்டி இல்லை.

இந்த மருத்துவமனையையே மூடிவிட்டு பெதெஸ்டாவில் இருக்கும் கடற்படை மருத்துவமனையோடு சேர்க்கப்போகிறார்கள் என்று முடிவாகிவிட்டதாகச் செய்தி. அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. எத்தனை பேருந்து அந்த வாசலில் திரும்பும் என்று தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வரும் வெள்ளி, 18-ஆம் தேதி, இரவு 8 மணி முதல் நான் வாசலுக்கு உள்பக்கம் காவலர் கூண்டருகே நிற்பேன். நீல நிற சால்வை போட்டிருப்பேன். தங்கள் அலுவலகத்திலிருந்து யாரையாவது அனுப்பினால், பேருந்து எந்த இடத்தில் மெதுவாகிறது, ஜன்னலிலிருந்து எதுவரை தெரிகிறது என்று நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு சிப்பாயின் தாய்

இணைப்பு: மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, வாசலின் கைவரைபடம் (மகன் வரைந்தது).