அபராதம் மட்டும் போதாது: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் ஹெல்மெட் அணியாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. உயர்த்தியதில் எனக்கு மறுப்பில்லை. அபராதத்துக்குப் பலன் உண்டு. நியூயார்க்கில் வெளிநாட்டுத் தூதர்கள் கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு அபராதம் கட்டாமல் தப்பி வந்தார்கள். 2002-இல் அபராதம் கட்டாத தூதர்களின் வண்டி எண் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகர நிர்வாகத்துக்குக் கிடைத்ததும் அந்த மீறல்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. ஆனால் யாரும் கேட்க முடியாதிருந்த காலத்திலும் நார்வே, ஸ்வீடன், ஜப்பான் நாட்டுத் தூதர்கள் பெயரில் கட்டாத அபராதச் சீட்டு ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் அப்படிப்பட்ட ஓட்டுநர்களை எப்படி உருவாக்குவது என்பதே என் கேள்வி.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க், ஒருவர் செய்வது சரியா தவறா என்பதைவிட அதற்கு அவர் சொல்லும் காரணத்தை ஆராய்ந்தார். தண்டனைக்கு அஞ்சுவது அவர் வகுத்த படிகளில் முதலாவது. பிறகு தன் ஆதாயம், பிறகு தன்னைச் சேர்ந்தவர்களின் நல்லெண்ணம், பிறகு சட்டத்தின் மீதுள்ள மதிப்பு. அதற்கும் மேலே, அந்தச் சட்டம் எதைக் காக்க வந்தது என்ற தெளிவு. நெடுஞ்சாலையில் எதிரே வருபவர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, முன்னால் போலீஸ் நிற்பதை நமக்குச் சொல்கிறாரே, அவர் மூன்றாம் படியில் நிற்கிறார். தன்னைப் போல வண்டி ஓட்டும் ஒருவருக்கு, முன்பின் அறியாதவரானாலும், நல்லது செய்வதாகவே அவர் நம்புகிறார். வேகக் கட்டுப்பாடு யாருக்காக என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மனிதர்கள் இப்படி ஒரே படியில் நிலையாக நிற்பதாக நான் நினைக்கவில்லை. ராங் சைடில் வந்துகொண்டிருப்பவரே 108 சைரன் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டுகிறார். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளே ஓர் உயிர் துடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதுவே போதுமானதாக இருக்கிறது. மற்ற விதிகளுக்குப் பின்னாலும் உயிர்கள் இருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அவற்றைத் தெரியவைக்கும் வாய்ப்பு உங்கள் துறையிடம் இருக்கிறது. எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமத் தேர்வில் சாலைக் குறிகளை அடையாளம் காட்டி, பிறகு எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் வந்துவிடுகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அப்படி உரிமம் பெறும் இளைஞர் அறிவாரா? 60 கிலோமீட்டர் வேகத்தில், அவர் கால் பிரேக்கைத் தேடும் ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒருவழிச் சாலையைக் கடக்கும் முதியவர் வண்டி வரவேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்துத்தான் காலை எடுத்து வைப்பார், எதிர்த்திசையில் வருபவர் அந்த நம்பிக்கையின் மீது மோதுகிறார். விதியின் பெயரோடு அதன் காரணத்தையும் கேட்கும் கேள்விகளைத் தேர்வில் சேருங்கள். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021 முதல் அரசே ஏற்கிறது. அந்தச் சிகிச்சை தரும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் பேச வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சட்டம் எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்று நம்புகிறவர்களே மனமொப்பி அதற்குக் கீழ்ப்படிகிறார்கள். சிகாகோ நகரவாசிகளிடம் அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. அரசு வாகனம் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞரிடம் எந்த வகுப்பும் எடுபடாது. ஆகவே, காவல்துறையோடு பேசி, அரசு வாகனங்களுக்கும் காவல் வாகனங்களுக்கும் விதிக்கப்பட்ட அபராதங்களின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள். முதல் பட்டியல் அடுத்த மாதமே வரட்டும்.

இப்படிக்கு,
இந்தச் சாலைகளில் தினமும் வண்டி ஓட்டும் ஒரு குடிமகன்