சைரன் அடித்தது, போன் அடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் திருட்டுப் போகாமல் இருக்க செல்போனோடு இணைந்த அலாரம் மாட்டுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மாட்டிய பிறகு அதற்குள் கிடக்கும் சிம் கார்டை யார் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. நான் பட்டதை எழுதியிருக்கிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்த இடம் கிடையாது. தெருமுனையில் ஒரு தென்னைமரத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவேன், அந்தப் பயத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த அலாரத்தை மாட்டினேன். வண்டியை யாராவது தட்டினால் சைரன் அடிக்கும், கூடவே உள்ளே இருக்கும் சிம்மிலிருந்து என் போனுக்கு அழைப்பு வரும். போன ஐப்பசி மழையில் ஒரு நடுராத்திரி, மட்டை ஒன்று பானட்டில் விழுந்து சைரன் ஊளையிட்டிருக்கிறது. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து கதவைத் தட்டி, "என்னவே, தெருவே முழிச்சிட்டு, உமக்குக் கேக்கலையா?" என்றார். போன் தலைமாட்டில்தான் கிடந்தது, ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. மட்டைக்குப் பதில் திருடன் வந்திருந்தால் நான் எழுந்து பல் தேய்க்கும்போது வண்டி கயத்தாறைத் தாண்டியிருக்கும்.

காலையில் பார்த்தால் முதல் விஷயம், அந்த நம்பருக்கு ரீசார்ஜ் முடிந்து போயிருந்தது. முடியப் போகிறது என்று கம்பெனிக்காரர்கள் மெசேஜ் அனுப்பாமல் இல்லை, வரிசையாக அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறது. அதை வாசிக்க அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இப்படியே 90 நாள் அசைவில்லாமல் கிடந்தால் நம்பரையே நிறுத்திவிடலாம் என்பது விதி. கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள், அவ்வளவுதான்.

ரீசார்ஜ் கடைத் தம்பி தினமும் இத்தனை ஜிபி என்று டேட்டா பேக்கையே நீட்டினான். என் அலாரம் கால் பண்ணும், மெசேஜ் வாங்கும், அதற்கு டேட்டா எதற்கு? பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தனியாக இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவே போட்டிருக்கிறது, சிறப்பு ரீசார்ஜ்களின் செல்லுபடிக் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாள் வரை உயர்த்தியது. கேட்டால்தான் கொடுப்பார்கள். அலாரத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிற திட்டம்தான் லாயக்கு.

சரி, ரீசார்ஜ் பண்ணியாயிற்று, அப்பவும் போன் அடிக்கவில்லை. அலாரம் கடைக்குப் போனால், "பெட்டியில ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி, சிம்முதான்" என்றார்கள். சிம் கடையில் அதைக் கழற்றித் தங்கள் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "சிம் நல்லாத்தான் இருக்கு, உங்க பெட்டிதான் போயிட்டு" என்றார்கள். வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்குமாக நாலு நடை. வீட்டில் சும்மா கிடந்த ஒரு ஜியோ 4ஜி சிம்மைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் பேசவில்லை, அப்ப பெட்டிதான் செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அது என் தப்பு. இந்த மாதிரி அலாரங்களில் நிறைய 2ஜி என்கிற பழைய நெட்வொர்க்கை மட்டும் பிடிப்பவை, என்னுடையதும் அந்த ரகம்தான். ஜியோ 2016இல் தொடங்கியதே 4ஜியில்தான், அதில் 2ஜி கிடையாது, ஆகவே 2ஜி பெட்டியில் அது ஒருநாளும் பேசாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம் பேசும். இந்த ஒரு வரியை அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? என் அலாரம் வந்த பெட்டியில் திருடன் முகமூடி போட்டு ஓடுகிற படம்தான் பெரிதாக இருக்கிறது.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சிம்800 என்கிற மாட்யூல் (சிம்மை நெட்வொர்க்கோடு பேசவைக்கும் பாகம்) இருக்கும் பெட்டிகளில் இந்த விளக்கைப் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடலாம். நெட்வொர்க் கிடைக்காமல் தேடும்போது விநாடிக்கு ஒரு தடவைபோல் அவசரமாகச் சிமிட்டும், கிடைத்துவிட்டால் மூன்று விநாடிக்கு ஒரு தடவை நிதானமாகச் சிமிட்டும். என்னுடையது அவசரமாகவே சிமிட்டியது. பெட்டியை லேசாகத் தட்டினேன், நிதானத்துக்கு வந்தது. இன்னொரு தட்டு, மறுபடி அவசரம். அப்போதுதான் புரிந்தது. அலாரத்தில் இருப்பது பழைய பெரிய சிம் போடும் இடம். கடைகளில் பழக்க தோஷத்தில் சிம்மை நானோ அளவுக்கு உடைத்துத்தான் கையில் தருவார்கள், அதை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்து மாட்டிவிட்டிருந்தார்கள். மூன்று சித்திரை வெயில் அந்தச் சட்டத்தை அப்பளம் மாதிரி லேசாக வளைத்திருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன், தங்க நிறத் தகடுகளில் ஊசி உரசிய கீறல் எல்லாம் நடுவில் இருக்க, ஒன்றில் மட்டும் கீறல் ஓரத்தில், பாதி பிளாஸ்டிக்கின் மேல். தெருவில் ஒரு லாரி போனால்கூட அந்த ஊசி விலகியிருக்கும். சிம் கடைப் போனில் அது நன்றாகப் பேசியதும் இதனால்தான், அதற்குச் சட்டம் தேவையில்லையே. இரண்டு கடைக்காரர்களும் சொன்னது உண்மை, சிம்மும் கெடவில்லை பெட்டியும் கெடவில்லை.

அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கினேன், இந்தத் தடவை "உடைக்காதீங்க தம்பி, பெரிய சைஸிலேயே குடுங்க" என்று சொல்லி வாங்கினேன். மாட்டினேன், விளக்கு நிதானமாகச் சிமிட்டியது, ஆனால் அலாரத்துக்கு நான் அனுப்பிய கட்டளை மெசேஜுக்குப் பதிலே இல்லை. மறுபடி வயிற்றைக் கலக்கியது. விஷயம் என்னவென்றால், சிம்மை மாற்றினால் மோசடியைத் தடுக்க முதல் 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் போகாது வராது. மறுநாள் சாயங்காலம் தானாகச் சரியாகிவிட்டது. இதைக் கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி தூக்கம் மிச்சம்.

இன்னும் இரண்டு சின்னச் சங்கதி. சிம்மை அலாரத்தில் போடுமுன் ஒரு சாதாரண போனில் போட்டு சிம்மின் ரகசிய எண் (PIN) பூட்டை எடுத்துவிடுங்கள், அதைத் தட்டி உள்ளே நுழைய அலாரத்துக்குக் கை கிடையாது. அப்படியே பழைய மெசேஜ்களையும் அழித்துவிடுங்கள், சிம்மின் கொள்ளளவு கொஞ்சம்தான், விளம்பர மெசேஜ் நிறைந்துவிட்டால் நம் கட்டளை உள்ளே இறங்காது. அப்புறம், பாபநாசத்துக்கு மேலே மலையில் காரையாறு பக்கம் போகும்போது அலாரம் பேசவில்லை என்று யாரும் பதற வேண்டாம். அங்கே என் கையில் இருந்த போனே பேசவில்லை.

டாக்ஸி, பஸ்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கும், வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ் 140 கருவியில் சிம்மை உள்ளேயே பதித்துவிடுகிறார்கள், ஆடவும் வழியில்லை கழற்றவும் வழியில்லை. சொந்த வண்டிக்காரன்தான் பிளாஸ்டிக் சட்டத்தை நம்பிக் கிடக்கிறான். அலாரம் விற்பவர்கள் 2ஜியா 4ஜியா, எந்த அளவு சிம் என்று பெட்டியில் அச்சடிக்க வேண்டும். ரீசார்ஜ் முடிகிற தகவலை வண்டிக்காரரின் இன்னொரு நம்பருக்கு அனுப்ப செல்போன் கம்பெனிகள் வசதி செய்ய வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

இப்போது மாதம் முதல் தேதி காலையில் நானே போய் பானட்டில் ஒரு தட்டு தட்டி, போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை