கியர் லீவரில் பதினைந்து மில்லி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் பாதிக் காரணம், தோள்பட்டை வலி மீதிப் பாதி. வயசு ஆகிறதல்லவா என்கிறார் டாக்டர். வயசெல்லாம் இல்லை, நீங்கள் வெட்டி ஒட்டி வைத்திருக்கிற அந்தக் கியர் லீவர்தான் என்கிறாள் என் வீட்டுக்காரி. யார் சொல்வது சரியோ தெரியாது, ஆனால் நீ கேட்டதும் அந்த லீவரைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாப்பா கார் ஓட்டப் பழகி, அதோடு நிற்காமல் கியர் போடக் கை நகர்கிற தூரம் அதிகம் என்று குறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நேற்றுத்தான் உன் மடியில் உட்கார்ந்துகொண்டு வாயாலேயே ஹாரன் அடித்தாள். இப்போது ‘மாமா காரில் குறைத்த மாதிரி என் காரிலும் குறைக்கணும்’ என்கிறாளாம். செய்யலாம். ஆனால் நான் செய்ததை அப்படியே அவள் காரில் செய்ய முடியாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் என் கதை.

என் கார் பழைய பின்சக்கர டிரைவ். கியர் லீவர் நேராகக் கியர்பாக்ஸ் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், நடுவில் கேபிள், கம்பி எதுவும் கிடையாது. லீவரின் நடுவே ஒரு உருண்டை, அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து நாலு பக்கமும் சாயும். மேல் முனை உன் கையில், கீழ் முனை கியர்பாக்ஸுக்குள் கியரை மாற்றுகிற ராடின் பள்ளத்தில். நீ மேலே முன்னால் தள்ளினால் கீழே அது பின்னால் போகும். சின்ன வயதில் சீசாப் பலகையில் ஆடினோமே, அதே கணக்குதான். உருண்டைக்கு மேலே 240 மில்லிமீட்டர், கீழே 60 மில்லி என்றால் விகிதம் நாலுக்கு ஒன்று. உள்ளே ராடு 22 மில்லி நகர்ந்தால்தான் மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போகும் என்றால், உன் கை 88 மில்லி போக வேண்டும். உள்ளே இருக்கிற 22-ஐ நம்மால் மாற்ற முடியாது. விகிதத்தைத்தான் மாற்றலாம். கீழ்ப்பக்கத்தை நீட்டலாம், மேல்பக்கத்தைக் குறைக்கலாம், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம்.

இவ்வளவு தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. கிரைண்டரை எடுத்து வைத்தும் விட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிடுவோம் என்று டாஷ்போர்டிலிருந்து சீட் வரை குறுக்கே ஒரு ஸ்கேலைக் கட்டி, கியர் குமிழில் ஒரு குச்சியை டேப் போட்டு ஒட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு மூன்றாவது போட்டேன், குறித்துக்கொண்டேன், நாலாவது போட்டேன், குறித்துக்கொண்டேன். 108 மில்லி! கணக்குப்படி 88தானே வரணும்? மீதி 20 எங்கே போனது? கியரில் போட்டபடியே ஒற்றை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் லீவர் லொடலொடவென்று ஆடுகிறது. உருண்டைக்கு மேலே மூடியிருந்த நைலான் கிண்ணம் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கீழ் முனையில் தொப்பி போல ஒரு சின்ன நைலான் புஷ் இருக்கும், அது பாதி இல்லவே இல்லை. நான் இத்தனை வருஷமாகக் கியர் போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஆட்டம்.

இரண்டையும் புதிதாகப் போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிய பிறகு அளந்தால் 92. ஒரு இடத்திலும் வெட்டவில்லை, வெல்டிங் இல்லை, 16 மில்லி காணாமல் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கையில் இருந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி அன்றைக்கே வந்துவிட்டது, ஏனென்றால் நமக்கு எரிச்சல் தருவது தூரத்தைவிட அந்தக் கொழகொழப்புதான். ஆனால் கிரைண்டரை வெளியே எடுத்து வைத்தாகிவிட்டதே.

கீழ்ப்பக்கத்தை 15 மில்லி நீட்டுவது, மேலே 30 மில்லி குறைப்பது என்று முடிவு செய்தேன். 210-ஐ 75-ஆல் வகுத்தால் 2.8. நாலு இருந்த இடத்தில் 2.8. இங்கே ஒரு விஷயம், என்னை மாதிரி அவசரக்காரர்கள் கோட்டை விடுகிற இடம்: கீழே நீட்டினால் முனை கியர்பாக்ஸுக்குள் 15 மில்லி ஆழமாக இறங்கிவிடும், அங்கே அதற்கு இடம் கிடையாது. அதனால் உருண்டை உட்காருகிற அந்த முழு உறையையும் அதே 15 மில்லி மேலே தூக்க வேண்டும். அடியில் வைக்க அலுமினியத் தகடு ஒன்று கனமாக வெட்டி, இடையில் இருந்த பழைய கேஸ்கெட் தாளை வைத்து ஓட்டைகளைக் குறித்துத் துளையிட்டு, நீளமான போல்ட்டுகள் போட்டு, மேலும் கீழும் சீலன்ட் தடவி உட்கார வைத்தேன். சீலன்ட்டைக் கஞ்சத்தனமாகத் தடவினால் ஆயில் கசியும். கசிந்தது, இரண்டாவது தடவை நன்றாகத் தடவினேன்.

லீவரை நீட்டிய கதையைக் கேள். முதல் தடவை உருண்டைக்கும் கீழ் முனைக்கும் நடுவில் அறுத்து, அதே கனத்தில் 15 மில்லி துண்டை இடையில் வைத்து, இரண்டு பக்கமும் சுற்றி வெல்டிங் வைத்தேன். முனைகளைச் சரிவாகத் தேய்க்கவில்லை, தட்டையாகவே சேர்த்து வைத்துவிட்டேன். அதாவது வெல்டிங் மேல் தோலில் மட்டும்தான் பிடித்திருந்தது, உள்ளே வெறும் விரிசல். போதாக்குறைக்கு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலே எழும்பியிருந்ததைக் கிரைண்டரால் வழவழவென்று தேய்த்தேன். பிடித்திருந்த அந்த மேல் தோலையும் நானே எடுத்துவிட்டேன்! அவ்வளவு அழகாக இருந்தது. சரியாக மூன்று வாரம் ஓடியது. ஒரு சிக்னலில் இரண்டாவது போட்டுக் கிளப்பி, மூன்றாவதுக்குத் தள்ளியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம், லீவர் சோளக்கொல்லைப் பொம்மையின் கை மாதிரி இஷ்டத்துக்கு ஆடுகிறது. கியர்பாக்ஸ் இரண்டாவதிலேயே நின்றுவிட்டது. வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே, ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை அரைத்து அரைத்துக் கிளப்பி வந்தேன். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது தடவை வேறொரு லீவரில் ஒழுங்காகச் செய்தேன். அறுத்த இரண்டு முகத்திலும் நடுவில் 6 மில்லி துளை, நடுத்துண்டின் இரண்டு பக்கமும் அந்தத் துளையில் இறுக்கமாக நுழைகிற மாதிரி லேத்தில் கடைந்த முளை. சேர்த்துப் பிடித்தால் கோணல் இல்லாமல் தானே நேராக நிற்கும். ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, சேரும் இடத்தில் ஆழமான பள்ளம் வருகிற மாதிரி செய்து, அந்தப் பள்ளம் அடியிலிருந்து நிரம்பும்படி வெல்டிங். நைலான் சாமான் எல்லாவற்றையும் முன்பே கழற்றி வைத்தாகிவிட்டது. சூட்டோடு தண்ணீரில் முக்கவில்லை, அது இரும்பை முறுகலாக்கிவிடும், தானாக ஆறட்டும் என்று விட்டேன். மேலே எழும்பிய வெல்டிங்கையும் அப்படியே விட்டுவிட்டேன், அசிங்கமாகத்தான் இருக்கிறது. மேல் பகுதி சுலபம், 30 மில்லி அறுத்துவிட்டு, குமிழ் மாட்ட டையால் திரும்ப மரை போட்டேன். உருண்டை 15 மில்லி உயர்ந்துவிட்டதால் குமிழ் மொத்தத்தில் 15 மில்லிதான் கீழே வந்தது, கைக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மாட்டி அளந்தால் 65. 108-லிருந்து 65. முதல் நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சும்மாவே கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டை அசைத்தால் போதும், தோளை அசைக்க வேண்டாம்.

இப்போது கெட்ட செய்தி. தூரம் எத்தனை மடங்கு குறைகிறதோ, போட வேண்டிய பலம் அத்தனை மடங்கு கூடும், இதில் பேரமே கிடையாது. நாலை 2.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.4. முன்பு ஒரு கிலோ பலம் போதும் என்றால் இப்போது ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இரண்டாவது போடுவது ஒரு சண்டை. ‘முன்னாடி இரண்டு விரலால் தள்ளினேன், இப்போது மல்யுத்தம் பண்ண வேண்டியிருக்கிறது’ என்று சொல்லி, என் வீட்டுக்காரி அந்தக் காரைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள்.

இன்னொன்று, பாப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல். தூரம் குறைந்தால் கியர் வேகமாக விழும் என்று நினைப்பாள். உள்ளே சிங்க்ரோ வளையம் என்று ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி ஏற்பாடு 1928-ல் காடிலாக் கார்களில் முதலில் வந்தது, அதற்கு முன்பு ஓட்டியவர்கள் கியருக்குக் கியர் கிளட்சை இரண்டு தடவை மிதித்துத் தாங்களே வேகத்தைச் சமன் செய்தார்கள். அந்த வளையம் உரசி உரசி சேர வேண்டிய இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கும், ஒன்றாகும் வரை கியரை உள்ளே விடாமல் வழியை மறித்து நிற்கும். அதற்கு வேண்டிய நேரம் கொஞ்சம்தான், ஆனால் அதைக் கொடுத்தே ஆகணும். நீளமான லீவரில் நம் கை போய்ச் சேருவதற்குள் அது வேலையை முடித்துவிடும், நமக்குத் தெரியாது. குட்டை லீவரில் சுவரில் முட்டின மாதிரி தெரியும். அப்போது அழுத்தி நுழைத்தால் தேய்வது வளையம். நான் இப்போது அந்த இடத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருந்து தள்ளுகிறேன், தானாக விழுகிறது. ஆகமொத்தம் வேகத்தில் எனக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை, சுகம்தான் லாபம்.

சரி, பாப்பாவின் கார். அது முன்சக்கர டிரைவ், கியர்பாக்ஸ் குறுக்கே கிடக்கும், லீவரிலிருந்து இரண்டு கேபிள் போகும். ஒன்று முன்னும் பின்னும் கியர் போட, இன்னொன்று இடது வலது வரிசை பிடிக்க. இதில் லீவரில் கை வைக்கவே வேண்டாம். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் மாட்டியிருக்கிற சின்னக் கை ஒன்று இருக்கும். அதன் அச்சிலிருந்து கேபிள் முனை 80 மில்லி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள், 64-ல் புதிதாக ஒரு துளை போட்டு அங்கே மாட்டினால் லீவர் தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பலம் கால் பங்கு கூடும். வரிசை பிடிக்கிற கேபிளைத் தொடாதே. வரிசைகள் நெருங்கிவிட்டால் ஐந்தாவதிலிருந்து நாலாவதுக்கு வரும்போது கை தவறி இரண்டாவதில் விழுந்துவிடும், அப்போது இன்ஜின் சுற்றுகிற சுற்றில் வால்வே வளைந்துவிடலாம்.

ஆனால் நான் அவளாக இருந்தால் அந்தத் துளையைப் போட மாட்டேன், இப்போதைக்காவது. கேபிள் என்பதே கொஞ்சம் இழுபடுகிற சாமான், அதன் மேல் பலத்தைக் கூட்டினால் ரப்பரை இழுக்கிற மாதிரி இருக்கும். முதலில் நான் சொன்ன மாதிரி ஸ்கேல் கட்டி அளக்கச் சொல். கியரில் போட்டு ஒற்றை விரலால் ஆட்டி, ஆட்டம் எத்தனை மில்லி என்று தனியாகக் குறிக்கட்டும். கேபிள் முனைகளில் இருக்கிற புஷ், லீவர் பெட்டியைத் தரையில் பிடித்திருக்கிற ரப்பர்கள், இவற்றை மாற்றிவிட்டுத் திரும்ப அளக்கட்டும். குமிழைக் கொஞ்சம் கனமானதாகப் போட்டுப் பார்க்கலாம், அந்தக் கனமே கையோடு சேர்ந்து தள்ளும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். அதற்கப்புறமும் அவளுக்குத் தூரம் அதிகம் என்று தோன்றினால் துளை போடுவோம். போட்ட பிறகு ஜாக்கி மட்டும் வைக்காமல் ஸ்டாண்டும் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் முழுசாக விழுகிறதா என்று பார்க்காமல் தெருவில் இறக்கக் கூடாது. அரைகுறையாக விழுந்த கியர் ஓடும்போது வெளியே குதிக்கும்.

இரண்டு அளவையும், கியர்பாக்ஸ் பக்கத்துக் கையின் போட்டோ ஒன்றையும் அனுப்பச் சொல், நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, கிளட்ச் மிதிக்க முடிகிறதா? உடைந்த அந்த முதல் லீவர் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. உடைந்த இடத்தைப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் நகக்கீற்று அளவுக்கு வெல்டிங் பிடித்திருப்பதும் நடுவெல்லாம் அறுத்த கோடு அப்படியே இருப்பதும் நன்றாகத் தெரியும். அடுத்த தடவை வரும்போது பாப்பாவுக்கு எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்