பொருள்: ஃபிரிட்ஜ் மின்சாரம் – லேபிளில் ஆண்டுக்கு 240 யூனிட், என் வீட்டில் 657 யூனிட் – ஐந்தாவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் நான்கு புகார் எண்கள் வாங்கிவிட்டேன். நான்கையும் “தீர்வு காணப்பட்டது” என்று மூடிவிட்டீர்கள். என்ன தீர்வு என்று எனக்கும் கொஞ்சம் சொன்னால் நன்றாக இருக்கும்.

எட்டு மாதம் முன்பு வாங்கிய ஃபிரிட்ஜ். கதவில் நீல விளக்கு எரியுமே, அந்த மாடல். மின்சாரம் குறைவாக எடுக்கும் என்று லேபிளைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆண்டுக்கு 240 யூனிட், அதாவது ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்கூட ஆகக் கூடாது. கரண்ட் பில் ஏறியதும் பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்று வாங்கி ஏழு நாள் பார்த்தேன். 12.6 யூனிட். ஒரு நாளைக்கு 1.8, ஆண்டுக்கு 657. லேப் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாக இருக்காது, தெரியும். முந்நூறு வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சுவரிலிருந்து தள்ளித்தான் வைத்திருக்கிறேன். வெயில் படாது, அடுப்பு பக்கத்தில் இல்லை, சூடான பாத்திரத்தை உள்ளே வைப்பதில்லை. இதை உங்கள் கால் சென்டரில் எத்தனை முறைதான் ஒப்பிப்பது? போன வாரம் பேசியவர் என்ன சொன்னார் தெரியுமா? “ஃபிரிட்ஜ்னா கரண்ட் இழுக்கத்தான் செய்யும் சார், வேணும்னா ஆஃப் பண்ணி வைங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பதிவாகியிருக்கும், எடுத்துக் கேளுங்கள்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்கும் முன்னால், அரை நாள் லீவு போட்டு, மீட்டர் படங்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு, கவுண்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தீங்களா?” இடுப்பில் தூக்கிக்கொண்டா வர முடியும்? படத்தை அவர் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். “ஜில்லுனு இருக்கே, நல்லாத்தான் ஓடுது.” கிளம்பிவிட்டார். நான்கே நிமிடம். குளிரவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? கம்ப்ரஸர் ஓய்வதில்லை என்றால், இது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை, அப்படித்தான் நிற்காமல் ஓடும் என்கிறீர்கள். சரி, ஓடட்டும். வேகமாவது குறைய வேண்டாமா? யாரும் கதவைத் தொடாத இரவு இரண்டு மணிக்கும் மீட்டரில் 75 வாட், விடிகாலை ஐந்துக்கும் அதே 75. உங்கள் லேபிள் கணக்குப்படி சராசரி 27தான் வர வேண்டும்.

நானே சோதித்துப் பார்த்தேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடினால் ரப்பர் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். மேல் வலது மூலையில் தாள் தானாகவே நழுவி விழுகிறது. அந்த இடுக்கு வழியே ஈரக் காற்று போகிறது, ஃப்ரீஸரின் பின் தட்டில் விரல் தடிமனுக்குப் பனி கட்டுகிறது. குளிர வைக்கும் காயிலைப் பனி மூடினால் கம்ப்ரஸர் ஓடாமல் என்ன செய்யும்? பனி உருக்கும் ஹீட்டரும் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம். நீங்கள் செய்த பொருள், இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று கதவில் ஒட்டியிருப்பது அலங்காரத்துக்கா?

மூன்று ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர் கட்டும் பில்லை ஒன்றை வைத்துக்கொண்டு நான் கட்டுகிறேன். இந்த எட்டு மாதமும் இதற்காகவே சம்பாதித்தேன் என்று சொல்லலாம்.

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் கொஞ்சம் மரியாதை இருப்பதால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கதவு ரப்பரை மாற்றி, ஹீட்டரையும் சென்சாரையும் சோதித்து, அப்புறமும் லேபிளில் உள்ள அளவுக்குப் பக்கத்தில் வராவிட்டால் ஃபிரிட்ஜையே மாற்றிக் கொடுங்கள். பத்து நாளில் நடக்காவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம்தான். மீட்டர் படங்கள், நான்கு புகார் எண்கள், தாள் விழும் வீடியோ எல்லாம் தயாராக இருக்கின்றன.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் இருப்பேன். கையை விட்டுப் பார்ப்பவர் வேண்டாம், மீட்டரோடு ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்