எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் பெட்டி: அமைப்பிலும் ஆலோசனையிலும் உள்ள பிழைகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில் கோப்புப் பகிர்வு வேலை செய்யாதது; உங்கள் உதவிப் பிரிவு தந்த பாதுகாப்பற்ற ஆலோசனைகள்; தமிழ்க் கோப்புப் பெயர்கள் சிதைந்தது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் இரண்டு வட்டு கொண்ட ஸ்டோரேஜ் பெட்டியை ஐந்து வாரங்களுக்கு முன் வாங்கினேன். "விண்டோஸ், மேக், லினக்ஸ்: இணைத்தவுடன் வேலை செய்யும்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து புத்தக வேலை செய்கிறோம். நான் விண்டோஸ் 11 ப்ரோவில் மெய்ப்புத் திருத்துகிறேன். பக்க வடிவமைப்பு செய்பவரிடம் பழைய மேக் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் செய்த படங்களைச் சுத்தம் செய்யும் நண்பர் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்திருக்கிறார். பென் டிரைவைக் கைமாற்றிக்கொண்டிருந்த நிலை மாற வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை.

பெட்டியை இணைத்த அன்று மேக்கில் மட்டும் பகிர்வு ஃபோல்டர் திறந்தது. விண்டோஸில் "நெட்வொர்க் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தது. உபுண்டுவில் மவுன்ட் செய்தபோது, அதாவது பகிர்வைக் கணினியோடு இணைத்தபோது, பிழை எண் 112, அதாவது "எதிர்முனைக் கணினி இயங்கவில்லை" என்று வந்தது. பெட்டி இணைப்பில் இருக்கிறதா என்று பிங் செய்து பார்த்தால் பதில் வருகிறது, உலாவியில் நிர்வாகப் பக்கமும் திறக்கிறது, ஆனாலும் கணினி இயங்கவில்லை என்கிறது. அந்தச் செய்தியை நம்பி என் நண்பர் கேபிளை மாற்றினார், ரவுட்டரை மாற்றினார், ஒரு மாலை முழுவதையும் அதில் இழந்தார்.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். "மேக்கில் திறக்கிறது என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கணினிகளில்தான்" என்றார் பேசியவர். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய் எஸ்எம்பி 1 ஐ இயக்கச் சொன்னார். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரக் கணினிகள் பேசும் மொழி எஸ்எம்பி; அதன் பழைய பதிப்பு எஸ்எம்பி 1. ஃபயர்வாலையும் அணைத்துப் பார்க்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கொள்ளை மென்பொருள் உலகெங்கும் கணினிகளை முடக்கியது, விண்டோஸின் எஸ்எம்பி 1 இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் 2017 இல், 4.13 ஆம் பதிப்பில், இயல்பாக எஸ்எம்பி 1 பேசுவதை நிறுத்தியது. உங்கள் பெட்டியோ எஸ்எம்பி 1 மட்டுமே பேசியது. உபுண்டுவில் வந்த 112 க்குக் காரணம் அதுதான். பழைய மேக் மட்டும் பழைய மொழியை இன்னும் பேசுவதால் அதில் திறந்தது. ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்த இரண்டு கணினிகளைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, புதுப்பிக்காத ஒன்றைச் சாட்சிக்கு நிறுத்தினார் உங்கள் ஊழியர்.

இதில் எனக்கு அதிக வருத்தம் தருவது இன்னொன்று. உங்கள் பெட்டிக்குள் ஓடுவது சாம்பா என்று உங்கள் உரிமக் குறிப்பிலேயே இருக்கிறது. எஸ்எம்பி வழியாகக் கோப்புகளைப் பகிர, 1990களின் தொடக்கத்திலிருந்து பலர் உழைத்து வளர்த்த திறமூல மென்பொருள் அது. 2019 இல் வந்த 4.11 ஆம் பதிப்பிலேயே சாம்பா எஸ்எம்பி 1 ஐ இயல்பாக அணைத்துவிட்டது. புதிய எஸ்எம்பி 3 ஐயும் அது பேசும். அப்படியிருக்க, ஒரு புதிய பெட்டி எஸ்எம்பி 1 ஐத் தாண்டிப் பேசாதபடி வெளிவருகிறது என்றால், உங்கள் தொழிற்சாலையில் யாரோ அப்படி அமைத்து அனுப்புகிறார்கள்.

இரண்டாம் முறை பேசியவர் ஓரளவு விவரம் தெரிந்தவர். நிர்வாகப் பக்கத்தில் மூன்று அடுக்கு உள்ளே, "மேம்பட்டவை" என்ற தாவலில், "அதிகபட்ச எஸ்எம்பி பதிப்பு" என்று ஒன்று இருப்பதைக் காட்டினார். 3 என்று மாற்றினேன். உபுண்டுவில் உடனே திறந்தது. உங்கள் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இந்த அமைப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

விண்டோஸில் அப்போதும் திறக்கவில்லை. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் உறுதிசெய்யப்படாத விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது" என்று வந்தது. மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் எங்களிடம் அப்படி எந்தக் கொள்கையும் கிடையாது. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே தடுக்கப்படுகிறது, வரும் தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பமும் கட்டாயம் ஆகிறது. உங்கள் பெட்டியோ விருந்தினர் நுழைவோடுதான் வருகிறது. இதற்கும் உங்கள் ஊழியர் சொன்ன வழி, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவை அனுமதித்து, கையொப்பத்தையும் தளர்த்துவது. இதையும் நான் செய்யவில்லை. பெட்டியில் ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நானே உருவாக்கினேன், விருந்தினர் நுழைவை மூடினேன். மூன்று கணினிகளிலும் பகிர்வு திறந்தது. பத்து நிமிட வேலை, ஆனால் அதற்குள் ஒன்பது நாட்கள் போய்விட்டன. நான் கேட்டது வழி. உங்கள் ஆட்கள் இரண்டு முறையும் காட்டியது என் கணினியின் பூட்டை உடைக்கும் வழி. விவரம் தெரியாத வாடிக்கையாளர் எத்தனை பேர் நீங்கள் சொன்னபடியே செய்து, திறந்த கணினியோடு இன்றும் உட்கார்ந்திருக்கிறார்களோ என்பதே என் கவலை.

இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

மேக்கிலிருந்த பழைய வேலைகளை, நீங்கள் பெட்டியோடு தரும் காப்பு நிரலைக் கொண்டு பெட்டிக்கு மாற்றினோம். ஒரு வாரம் கழித்து, "தொகுதி 3" என்று பெயரிட்டிருந்த கோப்பின் திருத்திய வடிவத்தை நான் விண்டோஸிலிருந்து அதே ஃபோல்டரில் அதே பெயரில் சேமித்தேன். 'பழையதை மாற்றவா?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஃபோல்டரில் "தொகுதி 3" என்று அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நின்றன. நான் அதைக் கவனிக்கவில்லை. திருத்தாத கோப்பு அச்சுக்குப் போய்விட்டது. நாற்பது பக்கத் திருத்தம் வீணாகி, மறுபடி அச்சிட்ட செலவு எங்கள் தலையில் விழுந்தது.

காரணத்தை என் நண்பர் பிறகு கண்டுபிடித்தார். யூனிகோடில் "தொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. தகரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எப்போதும் பிரித்தே வைக்கும். விண்டோஸில் என் விசைப்பலகை சேர்த்தே எழுதுகிறது. உங்கள் பெட்டியின் லினக்ஸுக்கு பைட்டுகள் வேறு என்றால் பெயரும் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எந்தப் பெயருக்கும் இது நடக்கும். கொ, கோ, தொ, போ இல்லாமல் தமிழில் எத்தனை தலைப்புகள் எழுத முடியும்? உங்கள் காப்பு நிரல் உள்ளே பயன்படுத்துவது ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் மென்பொருள். பெயர்களின் குறியாக்கத்தை வழியிலேயே மாற்றித் தரும் விருப்பம் ஆர்சிங்கிலேயே உண்டு. அதை நீங்கள் பயன்படுத்தவில்லை.

கோப்புப் பெயர் 255 எழுத்து வரை இருக்கலாம் என்ற கையேட்டு வரியும் தவறு. பெட்டியின் வட்டு ஏற்பது 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீட்டோடு முடிந்துவிடும். உயிர்மெய்யில் பெரும்பாலானவை இரண்டு குறியீடு என்பதால் நடைமுறையில் அதற்கும் குறைவு. விண்டோஸில் சரியாக இருந்த நீளமான பெயர்கள் பெட்டிக்குப் போகும்போது மறுக்கப்பட்டது இதனால்தான்.

நான் கேட்பவை இவை. எஸ்எம்பி 1 உம் விருந்தினர் நுழைவும் அணைந்த நிலையில், முதல் இயக்கத்திலேயே பயனர் கணக்கு உருவாக்கச் சொல்லும் ஃபர்ம்வேரை (பெட்டியை இயக்கும் உள் மென்பொருளை) வெளியிடுங்கள். எஸ்எம்பி 1 ஐ இயக்கு, ஃபயர்வாலை அணை, ரெஜிஸ்ட்ரியை மாற்று என்ற ஆலோசனைகளை உங்கள் உதவிக் குறிப்புகளிலிருந்து நீக்குங்கள். ஏற்கனவே அப்படிச் செய்தவர்களுக்கு, மாற்றியதைத் திரும்ப மூடும் வழியை எழுதி அனுப்புங்கள். காப்பு நிரலில் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் திருத்தமும், பெட்டியில் ஏற்கனவே பிரிந்து கிடக்கும் பெயர்களைச் சேர்க்கும் கருவியும் வேண்டும். மறுஅச்சுச் செலவின் ரசீதை இணைத்துள்ளேன். அந்தத் தொகையை ஈடுசெய்ய வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பி முழுத் தொகையையும் கோருவேன், நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் முறையிடுவேன். ஸ்கிரீன்ஷாட்டுகள், இரண்டு அழைப்புகளின் டிக்கெட் எண்கள், ஒரே பெயரில் நின்ற இரண்டு கோப்புகளின் பைட் பட்டியல் ஆகியவையும் இத்துடன் உள்ளன. உங்கள் பொறியாளர் யாராவது நேரில் பேச விரும்பினால், அந்த ஃபோல்டரைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்