மேகம் ஏறிய பிறகு கதவைத் திறப்பவர்களுக்கு

மலையுச்சிக் காட்சிமுனையை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். உங்கள் நுழைவாயில் காலை 9 மணிக்குத் திறக்கிறது. மேகம் எட்டரைக்கெல்லாம் வந்துவிடுகிறது. இரண்டையும் அன்றாடம் பார்க்கிறவர்கள் நீங்கள், அதனால் பின்னணியை நான் விளக்கத் தேவையில்லை. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: விடிவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பவர்கள் பயணத்தைப் பின்னாலிருந்துதான் கணக்குப் போடுவார்கள். மறுநாள் வேலை இருக்கிறது, ஆகவே இரவுக்குள் வீடு சேர வேண்டும். இருட்டுவதற்கு முன் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும். அப்படியானால் மதியத்துக்குமேல் உச்சியில் நிற்க முடியாது. காலையில்தான் பார்க்க வேண்டும், அதற்கு நள்ளிரவில் கிளம்ப வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். எழுபதைத் தாண்டிய பெரியம்மாவும் உடன் வந்தார். முழங்கால் வலிக்காரர். படியேறுவதைப் பற்றித்தான் வழியெல்லாம் கவலைப்பட்டார். கதவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

விடியும்போது நுழைவாயிலுக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு முன்பே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பூட்டிய கம்பிக் கதவு வழியாகவே எதிர்மலையின் முகடு தெரிந்தது, வெயில் அதன்மேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் எல்லாம் நல்லாத்தானே தெரியுது, இங்க எதுக்கு நிக்கிறோம்?" என்று பெரியம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம். அப்புறம், கழிப்பறையையும் கதவுக்கு உள்ளேதான் கட்டியிருக்கிறீர்கள். இரவெல்லாம் வண்டியில் வந்த வயதான பெண்கள் ஒன்பது மணிவரை என்ன செய்வார்கள் என்று திட்டம் போட்டபோது யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். குளிரில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார் பெரியம்மா.

எட்டு மணிக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து வெண்புகை மேலே ஏறத் தொடங்கியது. வரிசையில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தோம். முகடு மறைந்தது, மரங்கள் மறைந்தன, கதவு திறந்தது. டிக்கெட் வாங்கி, படியேறி, பெரியம்மாவை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு விளிம்புவரை போனோம். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளியைப் பார்த்தால் தொடுவானம் கணக்குப்படி ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்களுக்குக் கைப்பிடிக் கம்பிவரை தெரிந்தது. "மதியம் ஒருவேளை கலையும் சார்" என்றார் அங்கிருந்த ஊழியர். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மதியம் நாங்கள் இறங்கியாக வேண்டுமே.

இது அன்றைய துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடாதீர்கள். இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிடுகிறது. ஈரமும் தூசியும் அதோடு கீழேயே கிடப்பதால்தான் அதிகாலையில் உச்சி தெளிவாக இருக்கிறது. வெயில் பட்டுச் சரிவு சூடானதும் அந்த ஈரக்காற்று மலையைத் தழுவிக்கொண்டு மேலேறும். மேலேறும் காற்று 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிரும். ஈரம் தாங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்ததும் மேகமாகிவிடும். அப்படி மேகமாகும் உயரத்தில் உங்கள் காட்சிமுனை இருந்தால் பார்க்க வந்தவர் மேகத்துக்குள்தான் நிற்பார். மழையற்ற மாதங்களில் பெரும்பாலான நாட்கள் இதே கதைதான். இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் டிக்கெட் கவுண்டருக்கு மேலே நீங்களே சாட்சி மாட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெரிய வண்ணப்படத்தில் அடுக்கடுக்காக மலைகள், அடியில் நீல நிறப் பள்ளத்தாக்கு, மரங்களின் நிழல் நீளமாகச் சாய்ந்து கிடக்கிறது. மேகமே இல்லாமல் நிழலும் அவ்வளவு நீளமாக விழுந்திருப்பதைப் பார்த்தால் சூரியன் அப்போதுதான் எழுந்திருக்கும் போலிருக்கிறது. அந்த நேரத்தில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லையே, படம் எடுத்தவர் எந்த வழியாகப் போனார்?

இருட்டில் சாலை ஆபத்து, காட்டு விலங்குகள் நடமாடும் நேரம், ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான காரணங்கள்தான். அவற்றுக்கு வழியும் இருக்கிறது. ஹவாயின் ஹலேயகலா எரிமலை உச்சியில் சூரிய உதயத்துக்குக் கூட்டம் நெருக்கியபோது, 2017 முதல் அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிவரை நுழையும் வண்டிகளுக்கு முன்பதிவைக் கட்டாயமாக்கினார்கள். எண்ணிக்கையைத்தான் கட்டுப்படுத்தினார்கள், விடியலை மூடவில்லை. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. மான்களும் சிறுத்தைகளும் வாழும் இடம். அங்கேயும் ‘உலக முடிவு’ என்று பெயர் பெற்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வருபவர்களைக் காலை 6 மணிக்கே உள்ளே விடுகிறார்கள், மூடுபனி வருவதற்குள் போய்ப் பார்த்துவிட முடிகிறது. நீங்களும் முன்பதிவு வைத்து, எத்தனை வண்டி என்று வரம்பு போடுங்கள், நாங்கள் கட்டுப்படுகிறோம். கதவை மட்டும் விடிவதற்கு முன் திறங்கள்.

காட்சிமுனையில் பணம் செலவாகாமலும் இல்லை. ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், செல்ஃபிக்கு இதய வடிவச் சட்டம் வைத்திருக்கிறீர்கள், சிமென்ட்டில் ஒரு யானையும் உண்டு. மேகத்திலும் தெளிவாகத் தெரிபவை இவை மட்டுமே என்பதால்தான் வைத்தீர்களோ என்னவோ. காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றும் இருக்கிறது. அன்றைக்கு ஒரு சிறுவன் காசைப் போட்டுவிட்டு வெள்ளையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்சர்லாந்தில் மலை ரயில் ஏறுவதற்கு முன்பே உச்சியிலுள்ள கேமரா காட்டுவதை நிலையத் திரையில் பார்த்து முடிவெடுக்கலாம். இங்கே உச்சியில் என்ன தெரிகிறது என்பதை டிக்கெட் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்ள முடிகிறது, அந்த டிக்கெட்டையும் திருப்பி வாங்க மாட்டீர்கள்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். சிமென்ட் யானை இருந்துவிட்டுப் போகட்டும். கேமரா பிறகு வரட்டும். அடுத்த விடுமுறைக் காலம் தொடங்குவதற்குள் நுழைவு நேரத்தை விடியலுக்கு முன்பாக மாற்றி அறிவிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எல்லா நாளும் முடியாவிட்டால் சனி, ஞாயிறு மட்டுமாவது தொடங்கிப் பாருங்கள். அதற்குள் ஒரு கழிப்பறையைக் கதவுக்கு வெளியே கட்டிவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வானிலையைக் காரணம் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒரு நாள் பயணி